பூத்தண்டு ஒழிப்புச் சிறப்பு அலுவலகம்

வெங்காயம் பூக்கக் கூடாது என்று அரசாங்கம் தீர்மானித்த செய்தி கே.ஜி.கண்டிகைக்கு வந்து சேர்ந்தபோது, துளசிங்கத்தின் கொல்லையில் வெங்காயம் பூவெடுக்க ஆரம்பித்திருந்தது. இதற்காக அரசாங்கத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. தீர்மானம் எடுத்தது எழுபத்தோராம் ஆண்டு. மெட்ராஸிலிருந்து திருத்தணிக்கு ரயிலில் வந்தால் மூன்று மணி நேரம்; கோப்பில் வந்தால் இரண்டு வருஷம். எழுபத்து மூன்றாம் ஆண்டு தை பிறந்ததும், ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ‘செவ்வெங்காயப் பூத்தண்டு ஒழிப்புச் சிறப்பு அலுவலகம்’ திறக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாடிப்படியில் நுழையவில்லை. தெருவிலிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். அந்த அலுவலகம் உருப்படியாகத் தூக்கி நிறுத்தியது அந்தப் பலகை ஒன்றைத்தான்.

துளசிங்கத்துக்கு அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது. பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலையில் தண்ணீர் கட்டப் போனவன், மேல்பாத்தியில் சில செடிகளின் நடுவிலிருந்து விறைப்பாக ஒரு தண்டு கிளம்பி, நுனியில் மூடிய மொட்டோடு நிற்பதைப் பார்த்தான். காரணம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்பத்தைந்து நாளில் பிடுங்கி நட்டிருக்க வேண்டிய நாற்று. ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் நாற்றங்காலிலேயே எழுபது நாள் நின்று சுண்டுவிரல் தடிமன் ஆகிவிட்டது. முற்றின நாற்றை நட்டு, மார்கழிப் பனியும் அதன்மேல் விழுந்தால் செடி தனக்கு வயசாகிவிட்டதென்று எண்ணிக்கொண்டு பூத்துவிடும். பூத்த வெங்காயம் பருக்காது. நடுவில் கட்டை விழுந்துவிடும். பரணில் போட்டால் பதினைந்து நாளில் அழுகி, பக்கத்தில் கிடக்கிற நல்லதையும் கெடுக்கும்.

இதற்கு வைத்தியம் சுலபமானது. தண்டு கண்ணில் பட்ட அன்றைக்கே அந்தச் செடிகளை மட்டும் பிடுங்கி, பச்சைத் தாளோடு கட்டுக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அன்றன்றைக்குச் சமைத்துத் தின்ன அது நன்றாகவே இருக்கும். மிச்சக் கொல்லையை மாசி மாதம் வெட்டி எடுத்துக் காயவைத்தால் கவலை தீர்ந்தது.

அவன் மனைவி ஜெயம்மாளும் அதைத்தான் சொன்னாள். “இன்னாய்யா பாத்துகினே நிக்கற? பிடுங்கு. நான் கட்டு கட்டித் தரேன். காலம்பர முதல் பஸ்ல போட்டுட்டு வந்துடு.”

“நம்ம கொல்லையா இது, நெனச்சா பிடுங்கறதுக்கு? அவுருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்.”

அங்கேதான் வினை பிடித்தது. நிலம் பக்தவச்சலத்துடையது. மலைக்குப் போகிற வழியில் துணிக்கடை வைத்திருந்த அவர், இரண்டு வருஷமாக அந்த ஒரு ஏக்கரைத் துளசிங்கத்துக்கு வாரத்துக்கு விட்டிருந்தார். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி இவனுக்கு. துளசிங்கத்துக்கு வேறு நிலம் கிடையாது. அந்தக் கொல்லை கையை விட்டுப் போனால் புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே பத்து வருஷம் போனவர்கள்தான், அதன் ருசி அவர்களுக்குத் தெரியும்.

பக்தவச்சலம் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

“பூ வந்துடுச்சின்னு நீ சொல்ற. போன வருஷம் இன்னொரு நிலத்தை வாரத்துக்கு எடுத்தவன், எலி தின்னுட்டுதுன்னு சொன்னான். அப்புறம் பாத்தா அந்த எலி அரக்கோணம் மார்க்கெட்ல சாக்கு விரிச்சி வியாபாரம் பண்ணிகினு இருக்குது. இதோ பார் துளசிங்கம், ஸ்டேஷன் ரோட்ல இதுக்குன்னே புதுசா ஆபீசு தொறந்துக்கீறாங்க. அவங்க பிடுங்கலாம்னு எழுத்துல குடுத்தா பிடுங்கு. அவங்களுக்குக் காட்ட ஒண்ணு எடுத்துக்க. பேப்பர் இல்லாம வேற ஒத்த வெங்காயம் பிடுங்கினாலும் நிலத்தை வேற ஆளுக்கு வுட்டுடுவேன்.”

துளசிங்கம் ஒரு செடியை வேரோடு எடுத்து ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிள் கடை மாடிக்கு ஏறினான்.

மாடியில் வரதராஜன் என்ற குமாஸ்தா இருந்தார். அவர் துண்டைப் பிரித்து, செடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது மொட்டாச்சேப்பா.”

“ஆங், மொட்டுதாங்க. ரெண்டு நாள்ல பூத்துடும்.”

“அப்போ ரெண்டு நாள் கழிச்சி வா. நாங்க பூவுக்குத்தான் ஆபீசு. மொட்டுன்னா மொட்டுப் பிரிவு. அது அரக்கோணத்துல கீது.”

துளசிங்கம் ரயிலேறி அரக்கோணம் போனான். மொட்டுப் பிரிவின் அதிகாரி விடுப்பில் இருந்தார். மூன்றாம் தடவை போனபோது ஆள் கிடைத்தார். துண்டைப் பிரித்தால், உள்ளே மொட்டு வெடித்து வெள்ளைப் பூ உருண்டையாக எட்டிப் பார்த்தது. “பூத்ததை இங்கே ஏன்யா கொண்டாந்தே? திருத்தணிக்குப் போ. எங்க எல்லைக்குள்ள பூவைக் கொண்டாறதே தப்பு” என்று அவர் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கொல்லையில் அதற்குள் முந்நூறு தண்டுகள் கிளம்பியிருந்தன.

இந்த முறை திருத்தணியில் மரியாதை கிடைத்தது. பூத்த வெங்காயத்தைக் கொண்டுவந்த முதல் ஆள் என்று வரதராஜன் அவனைச் சிறப்பு அலுவலர் சாமிநாதனிடமே அழைத்துப் போனார். சாமிநாதன் வெங்காயம் சாப்பிடுவதில்லை. அவர் வீட்டில் அது நுழைவதே இல்லை. வெங்காய விஷயத்தில் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் முடிவெடுக்க அவரே பொருத்தமானவர் என்று மேலிடத்தில் கருதி நியமித்திருந்தார்கள். அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு செடியைப் பார்வையிட்டார்.

“பூப்பது வெங்காயத்தின் இயற்கை என்று உன்னைப் போன்றவர்கள் நினைக்கிறீர்கள்” என்றார். “அது தவறு. அரசாங்கத்தின் ஒன்பதாம் எண் சுற்றறிக்கையை வெங்காயத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் அது பூக்கிறது. நாங்கள் வந்துவிட்டோம். இனி ஒழுங்காக நடந்துகொள்ளும்.”

“சரிங்க சார். பூத்ததைப் பிடுங்கிடலாம்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தீங்கன்னா...”

“பிடுங்குவதா?” சாமிநாதனின் கைக்குட்டை விலகியது. “எதை ஒழிக்க இந்த அலுவலகம் திறந்திருக்கிறதோ அதை நீ பிடுங்கிப் போட்டுவிட்டால் நாங்கள் எதை ஒழிப்பது? அதுதானப்பா சாட்சியம். முதலில் மனுவைப் பூர்த்தி செய்.”

மனுவில் முப்பத்தொரு கேள்விகள். செடியின் பூர்வீகம் என்ன என்பது நாலாவது கேள்வி. நாற்றுக்கு விதை நகரி சந்தையில் வாங்கியதென்று துளசிங்கம் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். நகரி ஆந்திராவில் இருக்கிறது. வேறு மாநிலத்து வெங்காயம் தமிழ்நாட்டு மண்ணில் பூத்தால் அது யார் பொறுப்பு என்று விளக்கம் கேட்டு அன்றைக்கே மெட்ராஸுக்குக் கடிதம் போனது.

மறுநாள் வரதராஜன் இரண்டு பியூன்களோடு கண்டிகைக்கு வந்தார். கொல்லையைச் சுற்றி நூல் கட்டி, நாலு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்தார்கள். ‘அரசு ஆய்வில் உள்ள பயிர். பிடுங்கினால் தண்டனை’ என்று ஒரு தகரம் நட்டார்கள். பிறகு ஒவ்வொரு பூத்தண்டுக்கும் ஓர் எண் அட்டை கட்டினார்கள். எண்ணி முடிக்க ஐந்து நாள் ஆனது. முடித்தபோது முதல் நாள் எண்ணின பாத்தியில் புதிதாக எழுபது தண்டுகள் நின்றன. “நீ வேணும்னே பண்ற” என்று வரதராஜன் துளசிங்கத்தின்மேல் எரிந்து விழுந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

“எப்ப சார் பிடுங்கறது?” என்று துளசிங்கம் கேட்டான்.

“இயக்குநர் வந்து பார்க்கணும். கிருத்திகைக்கு வருவாரு.”

இந்த இயக்குநர் மெட்ராஸில் இருந்தார். அவருடைய அதிகாரத்தில் ஏழு மாவட்டங்கள் இருந்தாலும், திருத்தணி வட்டாரத்து வெங்காயத்தின்மேல் அவருக்குத் தனி அக்கறை. மாதந்தோறும் கிருத்திகையன்று அந்த அக்கறை தவறாமல் பொங்கும். ஜீப் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஆய்வுக்கு வந்து, முருகனைத் தரிசித்துவிட்டு, பயணப்படியில் திரும்பிப் போவார். தைக் கிருத்திகைக்கும் வந்தார். மலையில் கூட்டம், தரிசனம் முடிய மாலையாகிவிட்டது. கொல்லையை ஜீப்பில் இருந்தபடியே பார்த்தார். ஒரு ஏக்கரில் கால்வாசி வெள்ளையாகப் பூத்து, தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது.

“பூவுக்கு வெளிச்சம்தானே ஆதாரம்?” என்றார் இயக்குநர். “வெளிச்சத்தை மறைத்துவிட்டால்? ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு குல்லாய் போடுங்கள்.”

சாமிநாதன் கண்கலங்கிவிட்டார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு யோசனையைக் கேட்டதில்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

பொதட்டூர்பேட்டைத் தறிகளில் அவசர ஆர்டர் போட்டு வெள்ளைத் துணி நெய்தார்கள். நாலாயிரம் குல்லாய்கள், ஒவ்வொன்றுக்கும் இழுத்துக் கட்ட நாடா. நெசவாளிகள் கேள்வி கேட்கவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் வேலை வந்ததே என்று நெய்து கொடுத்தார்கள். இந்தத் திட்டத்தில் ஒழுங்காக நடந்த காரியம் அதுதான். அதைச் செய்தவர்கள் யாரும் அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. மாசி பிறந்து குல்லாய் மாட்டி முடித்தபோது, கொல்லை முழுக்க வெள்ளைக் குல்லாய்கள் காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ கட்சி மாநாடு என்று எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குள் பூக்காத முக்கால்வாசிச் செடிகளும் தாள் சாய்ந்து அறுவடைக்கு நின்றன. தாள் சாய்ந்த பிறகு வெங்காயத்தை மண்ணில் விட்டுவைக்கக் கூடாது. துளசிங்கத்துக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் நூலுக்கு வெளியே குந்திக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு செக்கச்செவேலென்று தெரிந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எட்டிப் பிடுங்குய்யா. இன்னா பண்ணிடுவாங்க?” என்றாள் ஜெயம்மாள்.

“நிலம் பூடும்டி.”

“வெங்காயம் பூட்டா மட்டும் நிலம் நிக்குமா?”

 அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் அவனுக்குக் கை நீளவில்லை. தகரத்தில் எழுதியிருந்த ‘தண்டனை’ என்ற சொல்லை அவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டிருந்தான்.

மாசிக் கிருத்திகைக்கு இயக்குநர் மொட்டை போட்டுக்கொண்டு, தலை நிறையச் சந்தனத்தோடு நேராகக் கொல்லைக்கு வந்தார். வரப்பில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மலர்ச்சியை அந்தக் கொல்லையில் வெளிப்படையாகக் காட்ட அனுமதி பெற்றவர் அவர் ஒருவர்தான்.

“ஒரு பூகூடக் கண்ணில் படவில்லையே!” என்றார்.

“நூறு சதவீதம் சார்” என்றார் சாமிநாதன்.

துளசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “குல்லாய்க்கு உள்ள இருக்குதுங்க சார்.”

“கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில் அரசாங்கம் தலையிடுவதில்லை” என்றார் இயக்குநர். “அது கோயில் வேலை.”

“சரிங்க. அப்போ வெட்டி எடுத்துக்கலாங்களா? தாள் சாஞ்சி பத்து நாளாச்சி. மழை கிழை வந்தா அவ்ளோதாங்க.”

இயக்குநர் சாமிநாதனைப் பார்த்தார். சாமிநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கினார். “கவனமாகக் கேள். நாங்கள் அனுமதி தருவது பூத்த வெங்காயத்துக்கு. உன் கொல்லையில் பூ இல்லை என்று இப்போது உறுதியாகிவிட்டது. ஆகவே அனுமதி தேவையில்லை. ஆனால் பூத்துவிட்டதாக நீ கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறாய். அது பொய் மனு ஆகிறது. அதை வாபஸ் வாங்கும் வரை முத்திரையை எடுக்க முடியாது.”

“இப்பவே வாபஸ் வாங்கிக்கறேங்க.”

“பூக்காத பூவைப் பற்றிய மனு என்பதால் அது சட்டப்படி மொட்டு. வாபஸ் மனுவை அரக்கோணத்தில் கொடு.”

துளசிங்கம் அரக்கோணம் போனான். நாலு நாள் போனான். ஐந்தாம் நாள் அவன் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றது. முத்திரையை எடுக்கலாம் என்ற உத்தரவு பங்குனி நாலாம் தேதி மூன்று பிரதிகளில் வந்தது. பியூன் நூலை அறுத்ததும் ஜெயம்மாள்தான் முதலில் இறங்கி ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். தாள் மட்டும் கையோடு வந்தது. கீழே கையை விட்டால் கொழகொழவென்று சேறு போல் இருந்தது. அந்த நாற்றத்துக்குப் பியூன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஜெயம்மாள் வரப்பில் உட்கார்ந்து, சைக்கிள் கடை மாடியில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினாள். திட்டித் தீர்ந்ததும் அழுதாள். துளசிங்கம் அழவில்லை. முதல் நாளே அவள் பேச்சைக் கேட்டிருந்தால் பாதிப் பரண் நிறைந்திருக்குமே என்று அவனுக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

பக்தவச்சலம் கோபப்படவே இல்லை. நிலத்தை அலுவலகத்துக்கே குத்தகைக்கு விட்டுவிட்டார். “ஆபீசுன்னா எலித் தொல்லை கெடையாது. மாசம் பொறந்தா வாடகை. நீ இன்னா பண்ணுவ துளசிங்கம், நேரம் அப்படி” என்று அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஒரு ஏக்கர் ‘பூவில்லா வெங்காய மாதிரிப் பண்ணை’ ஆனது. கம்பி வேலி போட்டார்கள், வாசலில் வளைவு கட்டினார்கள், உள்ளே சாமிநாதன் உட்கார ஒரு கொட்டகை போட்டார்கள். துளசிங்கத்தையே தினக்கூலிக்குப் பூக் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டார்கள். முந்தின மாதம் வரை அவன் உழுத மண்ணில் அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு பதிவேட்டைக் கொடுத்து, தினமும் பூக்களின் எண்ணிக்கையை எழுதச் சொன்னார்கள். விதை வாங்கும் கோப்பு நகரி விவகாரத்தில் சிக்கி மெட்ராஸில் கிடந்ததால் பண்ணையில் எதுவும் விதைக்கவில்லை. ஆடி போனது, ஐப்பசி போனது. துளசிங்கம் தினமும் காலையில் வெறும் மண்ணை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ‘பூ: இல்லை’ என்று எழுதிக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டான்.

அடுத்த தைக் கிருத்திகைக்கு விழா. வளைவுக்கு வாழைமரம், ஒலிபெருக்கி, இயக்குநர், அவருடைய சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். சாமிநாதன் பதிவேட்டை உயர்த்திக் காட்டினார்.

“முந்நூறு நாட்கள்! முந்நூறு பக்கங்கள்! ஒரு பூ உண்டா? எங்களைக் கேலி பேசியவர்கள் இந்தப் பதிவேட்டைப் பார்க்கட்டும். அவர்கள் இந்த நிலத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பதிவேட்டைப் பார்த்தால் போதும்.”

கைதட்டல் அடங்கியதும் இயக்குநர் துளசிங்கத்தை மேடைக்கு அழைத்து, தோளில் ஒரு துண்டைப் போட்டார். “சொல்லப்பா, பயப்படாதே. போன வருஷம் எல்லாம் பூத்துவிட்டது என்று அழுத ஆள்தானே நீ? இந்த வருஷம் ஒரு பூகூட வராமல் எப்படிச் செய்தாய்?”

துளசிங்கம் ஒலிபெருக்கியைப் பார்த்தான். கூட்டத்தின் கடைசியில் நின்ற ஜெயம்மாளைப் பார்த்தான். வேறு என்ன சொல்ல?

“நடலீங்க சார்.”

 சாமிநாதனுக்கு வியர்த்துவிட்டது. இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது அதில் ஒரு ஒளி இருந்தது.

“எவ்வளவு எளிமை!” என்றார். “நாற்றின் வயது, பனி, தண்ணீர் என்று விஞ்ஞானிகள் எத்தனை வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு சாதாரண விவசாயி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். எழுதிக்கொள்ளுங்கள் சாமிநாதன், நடாமை முறை.”

ஏழு மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கை போனது. சாமிநாதனுக்குப் பதவி உயர்வு வந்தது. நடாமை முறையைக் கிராமம் கிராமமாகச் செய்து காட்ட ஒரு ஜீப் வந்தது. துளசிங்கத்தை அதில் ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் சாமிநாதன் ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு துளசிங்கம் எல்லோருக்கும் முன்னால் ஒரு வெறும் பாத்தியில் இறங்கி, கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் நின்றுவிட்டு மேலே ஏற வேண்டும். முதல் இரண்டு ஊரில் வெட்கத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது. கூலி நின்றுபோகக் கூடாதே.

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் அப்படி நின்றுவிட்டு மேலே ஏறியபோது, முனியன் என்று ஒருவன் அவனைத் தனியாகக் கூப்பிட்டான். சாமிநாதனும் மற்றவர்களும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முனியன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடுப்புத் துண்டுக்குள்ளிருந்து ஒரு வெங்காயத் தண்டை எடுத்தான். நுனியில் மூடிய மொட்டு.

“அண்ணா, நேத்துதான் பாத்தேன். ஒரு நூறு செடி இருக்கும். ஆபீசர்கிட்ட காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?”

துளசிங்கம் தலைவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். தண்டை வாங்கி, முனியனின் துண்டுக்குள்ளேயே திருப்பிச் சொருகினான்.

“யாருகிட்டனா காட்டினியா?”

“இல்லண்ணா.”

“சொந்தக் கொல்லையா?”

“ஆங், அரை காணி.”

“அப்போ இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? அவுரு டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள போய் பிடுங்கு. தண்டு வந்ததை மட்டும் பிடுங்கு. தாளோட கட்டி, காலையில மார்க்கெட்டுக்கு அனுப்பு. மீதி தாள் சாஞ்சதும் ஒரு நாள்கூட விட்டுவைக்காம வெட்டிடு.”

“பிடுங்கலாம்னு ஆபீசுல பேப்பர் குடுப்பாங்கன்னு சொன்னாங்களே?”

“குடுப்பாங்க. அதுக்குத்தான் சொல்றேன், ஓடு.”

முனியன் அவன் முகத்தைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓட்டமாக ஓடினான்.

சாமிநாதன் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “என்ன கேட்டான் அந்த ஆள்?”

“நம்ம முறையைப் பத்திக் கேட்டாருங்க.”

“புரிந்ததா?”

“புரிஞ்சிதுங்க. ஓடறாரு பாருங்க.”

சாமிநாதன் கண்ணுக்கு மேல் கையை வைத்து, வரப்பில் விழுந்தடித்து ஓடுகிற முனியனைத் திருப்தியோடு பார்த்தார். பிறகு டைரியைத் திறந்து அந்த ஊரின் பெயருக்கு நேரே, ‘விவசாயிகளிடம் பெரும் ஆர்வம்’ என்று எழுதிக்கொண்டார்.